மதியம், இரண்டாம் அறை, சராசரி

கம்ப்யூட்டரில் எண் ஏற்றுகிற வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் கைவசம் இல்லை. கோபம்தான் இருக்கிறது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தும் அது தணியவில்லை. அதையே எழுதித் தருகிறேன். பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிடலாம்.

நான் எட்டாவது வரை படித்தவள். கோவில்பட்டிக்கு வெளியே, கடம்பூர் போகிற ரோட்டில், ஒரு தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தேன். முதலில் கட்டை அடுக்கினேன். கட்டை என்பது குச்சிகளை வரிசையாகச் செருகிப் பிடித்துக்கொள்ளும் மரச்சட்டம். பிறகு மருந்து முக்குகிற இடத்துக்குப் போனேன். நெஞ்சுக்குச் சேரவில்லை. ஆபீசில் கம்ப்யூட்டர் வந்தபோது என்னை அங்கே உட்கார வைத்தார்கள். சீட்டில் வருகிற எண்களை எக்செல்லில் ஏற்ற வேண்டும். ஒரு விரலால் அடித்தேன். கடைசி வரைக்கும் அதே ஒரு விரல்தான்.

ஃபார்முலா எப்படிப் போடுவது என்று நான் சொல்லித் தரப் போவதில்லை. அது உங்களுக்கு போனிலேயே கிடைக்கும். நான் சொல்லப் போவது, ஃபார்முலா சரியாக இருந்தும் ஆள் செத்துப்போக இருந்த கதை.

எங்கள் ஆலையில் மருந்து முக்கிய கட்டைகளை உலர்த்த மூன்று அறைகள் இருந்தன. மேலே சிமெண்ட் ஷீட் கூரை. உலர்ந்த கட்டைகளைப் பெண்கள் அங்கேயே நின்று பிரிப்பார்கள். குச்சிகள் ஒன்றோடு ஒன்று உரசும். சூடு கூடக் கூட, சின்ன உரசலுக்கே பிடித்துக்கொள்ளும். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். ஒரு மதியம் உள்ளே நின்றால் போதும்.

ஒவ்வொரு அறையிலும் மூன்று இடத்தில் சூடு பார்க்கிற மீட்டர் தொங்கும். கதவுப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, பின்சுவரில் ஒன்று. காலை, மதியம், சாயங்காலம் சூப்பர்வைசர் பார்த்து எழுதுவார். சீட்டு என் மேசைக்கு வரும். ஷீட்டில் கதவு, நடு, பின்சுவர் என்று பக்கம்பக்கமாக மூன்று வரிசை. அதற்கு முன்னால் அறை எண்ணையும் வேளையையும் சேர்த்து எழுதிய ஒரு வரிசை. எந்த அறைக்கு, எந்த வேளைக்கு என்று கேட்டால் மூன்று வரிசையையும் சேர்த்துச் சராசரி சொல்லும்படி செல்வின் செய்து வைத்திருந்தான். செல்வின் குளத்தூர்ப் பக்கத்துப் பையன். அப்பா உப்பளத்தில் வேலை. பி.காம். முடித்து எங்கள் ஆபீசில் சேர்ந்திருந்தான். நல்ல பையன். வாய் மட்டும் கொஞ்சம் அதிகம்.

எங்களிடம் சரக்கு எடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனி ஒரு விதி வைத்திருந்தது. ஓர் அறையின் மதியச் சராசரி நாற்பது டிகிரியைத் தாண்டினால், மதியத்தில் அந்த அறைக்குள் ஆள் போகக் கூடாது. பூட்ட வேண்டும். மாதாமாதம் ஷீட்டை அவர்களுக்கு அனுப்ப வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

சித்திரை பிறந்திருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். சண்முகத்தாய் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். இரண்டாம் அறையில் கட்டை பிரிக்கிற கூட்டத்துக்கு மூத்தவள் அவள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

“எக்கா, ரெண்டாம் ரூம்ல மதியம் நிக்க முடியல. பின்சுவத்துல கைய வச்சா தோசக்கல்லு கணக்கா இருக்கு. மேனேஜர்ட்ட சொல்லுங்க.”

“நீயே போய்ச் சொல்லேன்ட்டி.”

“நான் சொன்னா வேலை செய்ய ஒடம்பு வளையலன்னு சொல்லுவாவ. நீங்க சொன்னா கம்ப்யூட்டர் சொல்லுதுன்னு கேப்பாவ.”

அது உண்மைதான். அதுவும் எனக்குக் கோபம். உள்ளே நின்று வேகிறவள் சொன்னால் சாக்கு. நிழலில் உட்கார்ந்து நான் சொன்னால் தகவல்.

மேனேஜரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர்களைச் சமாளிப்பது சுலபம். விதியைக் காட்டிப் பேசுகிற நல்லவர்களிடம்தான் தொண்டை வறளும். அந்தச் சனிக்கிழமை தூத்துக்குடிக்குச் சரக்கு போயாக வேண்டும். அந்த நெருக்கடியில் இருந்தார்.

“ரெண்டாம் ரூம் மதியம் சராசரி எவ்வளவு வருதுன்னு பாருங்கக்கா. நாப்பது தாண்டிச்சுன்னா இப்பவே பூட்டிருவோம். விதின்னா விதிதான்.”

செல்வின் தட்டினான். எல்லோரும் அவன் பின்னால் நின்று பார்த்தோம். சண்முகத்தாயும் வாசலை விட்டு ஓரடி உள்ளே வந்தாள்.

“முப்பத்தஞ்சரை,” என்றான் செல்வின்.

சண்முகத்தாய் சிரித்துவிட்டாள். “முப்பத்தஞ்சரையா? எங்க வீட்டு அடுப்படி அதுக்கு மேல இருக்கும்லே. அங்கன போய்ப் படுத்துக்கிடவா?”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா,” என்றார் மேனேஜர்.

“அப்போ நான் பொய் சொல்லுதேனா சார்?”

மேனேஜர் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார். சண்முகத்தாய் போகவில்லை. அங்கேயே நின்றாள். சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மணி அடித்தால் அவள் கூட்டம் உள்ளே போயாக வேண்டும்.

செல்வினால் உட்கார முடியவில்லை. அவள் சிரித்த சிரிப்பு அவனைக் குத்திவிட்டது. ஏதோ ஒரு நாளை எடுத்து மதிய வரியைக் கையால் கூட்டினான். கதவு முப்பத்தாறு, நடு முப்பத்தொன்பது, பின்சுவர் நாற்பத்து மூன்று. இன்னொரு நாளைக் கூட்டினான். கன்னம் சிவந்துபோனது.

“எக்கா, இது கதவுப் பக்கத்த மட்டும் எடுத்திருக்கு.”

“மூணையும்தானலே கேட்டே?”

“கேட்டேன். முத வரிசைய மட்டும் எடுத்துட்டு மத்த ரெண்டையும் விட்டுருச்சு. தப்புன்னு ஒரு வார்த்த சொல்லலக்கா. நம்பர் நல்லாத்தான வந்துச்சுன்னு நானும் விட்டுட்டேன்.”

இது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ‘ஆவரேஜ்-இஃப்’ என்கிற அந்தக் கணக்கில் நிபந்தனைக்கு ஒரு வரிசையைக் காட்டி, சராசரிக்கு மூன்று வரிசையைக் காட்டினால், அது முதல் வரிசையோடு நின்றுவிடும். சண்டை போடாது. சிவப்பாக எதுவும் காட்டாது. ஒரு நல்ல எண்ணைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். அறையில் குளிர்ச்சியான இடம் கதவுப் பக்கம்தான். அந்தக் குளிர்ச்சியை மட்டும் எடுத்து அறை முழுக்கப் பூசியிருந்தது. கதவுப் பக்கத்தில் நின்று கட்டை பிரிக்கிறவள் ஒருத்திகூடக் கிடையாது.

ஷீட் கத்தினால் பயப்படாதீர்கள். கத்துகிற ஷீட் நல்ல ஷீட். வாயை மூடிக்கொண்டு அழகான எண்ணைத் தருகிறதே, அதைக் கண்டால் எழுந்து நில்லுங்கள். ஒரு வரியையாவது கையால் கூட்டிப் பாருங்கள். நேரமில்லை என்று யாராவது சொன்னால் அவன் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வின் கணக்கை மாற்றினான். மூன்று வரிசையையும் தனித்தனியாகக் கூட்டி, எத்தனை எண் இருக்கிறதோ அத்தனையால் வகுத்தான். இப்போது முப்பத்தொன்பதும் கொஞ்சமும் வந்தது.

மேனேஜர் எழுந்து வந்து பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

“நாப்பது தாண்டலைல்லா?”

“தாண்டல சார். ஒட்டி நிக்குது.”

“ஒட்டி நிக்குறதுக்கு விதி கிடையாதுல்ல செல்வின். தாண்டணும்.”

சண்முகத்தாய் என்னைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

செல்வின் ஷீட்டை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டிருந்தான். கோட்டைவிட்டவன் வேறென்ன செய்வான். ஓரிடத்தில் நிறுத்தினான்.

“எக்கா, இந்த வெத்துக் கட்டம்லாம் லீவு நாளா?”

நான் குனிந்து பார்த்தேன். மாசியிலிருந்து அங்கங்கே சில நாட்கள். எல்லாமே மதியம். எல்லாமே இரண்டாம் அறை. மூன்று கட்டமும் காலி.

லீவு நாள் இல்லை. எனக்குத் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தீப்பெட்டி ஆலையில் உள்ளே வேலை பார்க்கிறவர்கள் சில வார்த்தைகளை வாயால் சொல்ல மாட்டார்கள். ஒரு கட்டை பிடித்துக்கொண்டால் ‘பத்திக்கிடுச்சு’ என்று சொல்ல மாட்டோம். ‘முழிச்சிருச்சு’ என்போம். ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டு, அறையைச் சாத்திவிட்டு, மறுநாள் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்துத் திரும்பத் திறப்போம். முழித்த நாளில் அந்த அறைக்கு எதையும் எழுதக் கூடாது. எழுதினால் அது அங்கேயே தங்கிவிடும் என்று ஒரு எண்ணம். சூப்பர்வைசரும் எங்கள் ஆட்களில் ஒருத்தர்தான். அவரும் எழுத மாட்டார். சீட்டில் காலியாக வரும். ஷீட்டிலும் காலியாக ஏறும். சராசரி என்று ஒன்று வராத காலத்தில் அந்த வழக்கத்தால் யாருக்கும் நட்டம் இல்லை.

இப்போது பாருங்கள். சராசரிக் கணக்கு வெற்றுக் கட்டத்தை எண்ணாது. விட்டுவிடும். அதுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்த முறை. அந்த முறை சரி. ஆனால் அறை எந்த நாளில் கொதித்து முழித்ததோ அந்த நாள் கணக்கிலேயே இல்லை. மிச்சம் இருக்கிற நல்ல நாட்களைக் கூட்டி வகுத்து, முப்பத்தொன்பது என்று சொல்லிக்கொண்டிருந்தது. செல்வினின் ஃபார்முலாவில் இப்போது பிழை இல்லை. அதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

“முழிச்ச நாள் இது,” என்றேன்.

செல்வினுக்குப் புரியவில்லை. மேனேஜருக்குப் புரிந்ததா, புரியாத மாதிரி இருந்தாரா, தெரியாது. அவர் சொன்னது இதுதான்:

“வெத்தா இருந்தா ஆடிட்ல கேப்பான். சீரோ போட்டு நிரப்பிருங்க.”

எனக்குத் தலைக்கு ஏறியது.

புதியம்புத்தூரில் என் தங்கை மகள் ஒரு ரெடிமேட் தையல் கூடத்தில் இருந்தாள். அங்கே மணிக்கு எத்தனை காலர் தைத்தாள் என்று ஷீட் போடுவார்கள். கரண்ட் போன மணிக்கு ஆபீஸ் பெண் சீரோ அடித்திருக்கிறாள். இவள் வரிசையில் இருந்த மிஷின்களுக்கு இன்வெர்ட்டர் கிடையாது. சீரோவாகச் சேர்ந்து அவள் சராசரி விழுந்தது. ‘நீ கை மெதுவு’ என்று சொல்லி மிஷினிலிருந்து எழுப்பி, நூல் பிசிறு வெட்ட உட்கார வைத்துவிட்டார்கள். தைக்க முடியாத மணியும் தைக்காத மணியும் ஒன்றா? அந்த ஆபீஸ் பெண்ணுக்கு ஒரு பொத்தானை அமுக்கும் வேலை. இவளுக்குப் பெயரே போனது. இன்றைக்கும் அவளை ‘மெதுவு’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். காலிக் கட்டமும் சீரோவும் ஒன்று என்று நினைக்கிற யாரையும் நான் மேசைக்குப் பக்கத்தில் சேர்க்க மாட்டேன்.

அங்கே சீரோ ஒரு பெண்ணைக் கீழே தள்ளியது. இங்கே சீரோ போட்டால் அறையைப் பனிக்கட்டியாக்கிவிடும்.

“சீரோ டிகிரியா சார்? கோவில்பட்டியிலயா? சித்திரையிலயா?” என்று கேட்டேன்.

செல்வின் சிரிப்பை அடக்கினான். மேனேஜர் அடக்கவில்லை, அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “பின்ன என்னக்கா செய்யச் சொல்லுதீங்க? நம்பர் இல்லாம நான் என்னத்தக் காட்டி ரூமைப் பூட்ட?” என்று குரலை உயர்த்தினார். போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவர் போனதும், முழிச்ச நாள் என்றால் என்னவென்று செல்வினுக்கு விளக்கினேன். அவன் என் பக்கம் சாய்ந்தான். மெதுவாகச் சொன்னான்.

“எக்கா, அந்த நாளுக்கெல்லாம் நாப்பத்தஞ்சு நாப்பத்தஞ்சுன்னு அடிச்சிரட்டுமா? உண்மையில அதுக்கு மேலதான இருந்திருக்கும். நாப்பது தாண்டிரும். அவிய பூட்டிருவாவ. ஒரு நிமிஷ வேல.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இது வரும். எதிரில் ஒருத்தி நிற்கிறாள். மணி அடிக்கப் போகிறது. பொய்யாக நாலு எண் அடித்தால் அவள் பிழைப்பாள். அடிக்கவா வேண்டாமா?

நான் வேண்டாம் என்றேன்.

நல்லவள் என்று காட்டிக்கொள்வதற்காக இல்லை. பயம். இன்றைக்கு நாங்கள் நாற்பத்தைந்து என்று நிரப்பினால், நாளைக்கு இன்னொருத்தன் முப்பத்திரண்டு என்று நிரப்புவான். கட்டத்தை நிரப்பலாம் என்று ஒருமுறை பழகிவிட்டால், கை யார் பக்கமும் போகும். அதுவும் இல்லாமல், ஷீட்டில் நாற்பத்தைந்து என்று இருந்தால் அது வெறும் சூடான நாள். அறையில் தீப்பற்றியது என்கிற விஷயம் அதற்குள் புதைந்துபோகும். ஒரு பொய்யை மூடுவதற்கு இன்னொரு பொய்யா? போங்கடா என்று தோன்றியது.

“வேண்டாம்லே. தெரிஞ்ச ஆளு வாசல்ல நிக்கா. அவ சொல்லட்டும்.”

சண்முகத்தாய் தலையை ஆட்டினாள். “அத வாயால சொல்லக் கூடாதுக்கா.”

“ஏன் கூடாது?”

“உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் அங்கன இருந்து வந்தவியதான.”

“தெரியும்ட்டி. தெரிஞ்சுதான் கேக்குதேன். நீங்க வாயால சொல்லல. அவர் சீட்டுல எழுதல. நான் இங்க அடிக்கல. கடைசில ரூமு குளுகுளுன்னு இருக்குன்னு இந்தப் பெட்டி சொல்லுது. மணி அடிச்சா நீதான உள்ள போவே? நானா போவேன்?”

கத்திவிட்டேன். பக்கத்து அறையில் லேபிள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சண்முகத்தாயின் கண் கலங்கியது. அதைப் பார்த்தும் நான் தணியவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. மேனேஜர் மேல் வந்ததைவிட அதிகமாகக்கூட வந்தது. தன் உயிரைத் தானே காலிக் கட்டமாக விட்டுவைக்கிறவள் மேல் வேறென்ன வரும்?

மேனேஜர் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார். சண்முகத்தாய் அவர் முன்னால் போய் நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

“சார், மாசில கடைசி வெள்ளிக்கெழம. ரெண்டாம் ரூம், பின்சுவத்துப் பக்கம். பத்திக்கிடுச்சு.”

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

“பங்குனிப் பொங்கலுக்கு மறுநா. அதே எடம். பத்திக்கிடுச்சு. பேச்சி தலமுடி கருகிருச்சு. போன வாரம் செவ்வாக்கெழம, நீங்க சாப்பிடப் போயிருந்தீய. பத்திக்கிடுச்சு. நான்தான் சாக்கப் போட்டு அமுக்குனேன். இங்க பாருங்க.”

கையைத் திருப்பிக் காட்டினாள். உள்ளங்கையில் தோல் உரிந்து, புதுத்தோல் வந்துகொண்டிருந்தது.

செல்வின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒவ்வொரு நாளாகச் சொல்லச் சொல்ல, அவன் விரல் காலிக் கட்டத்தில் போய் நின்றது. ஒன்றுகூடத் தவறவில்லை.

“இத ஏன் முன்னாலயே எங்கிட்டச் சொல்லல?” என்றார் மேனேஜர். குரல் இறங்கியிருந்தது.

“நீங்க கேக்கல சார். சராசரி எவ்வளவுன்னுதான் கேட்டீய.”

அப்போது மணி அடித்தது.

மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். போனை மேசையில் வைத்துப் பேசியதால் எங்களுக்கும் கேட்டது.

“அண்ணாச்சி, ரெண்டாம் ரூமை மதியத்துல பூட்டணும்.”

“நாப்பது தாண்டிருச்சா?”

“தாண்டல.”

“தாண்டலன்னா என்னத்துக்குலே எனக்குப் போன் பண்ணுதே? சனிக்கிழம சரக்கு போவாண்டாமா?”

மேனேஜர் சண்முகத்தாயின் கையைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்துச் சொன்னார்.

“ரூம் பத்துது அண்ணாச்சி. மூணு தடவ பத்திருக்கு. நான் பூட்டுதேன்.”

“பூட்டித் தொல. சரக்கு நிக்காமப் பாத்துக்கோ. நின்னா நீதான் பதில் சொல்லணும்,” என்று அண்ணாச்சி போனை வைத்துவிட்டார்.

மேனேஜர் சாவியை எடுத்துக்கொண்டு தானே வெயிலில் நடந்து போனார். ஆளனுப்பவில்லை. விதி இல்லாமல் அவர் செய்த ஒரே வேலை அதுவாக இருக்கலாம். அதற்கு மட்டும் அவருக்கு நான் ஒரு கும்பிடு வைக்கிறேன்.

யாராவது பாராட்டினார்களா என்று கேட்காதீர்கள். மதியம் போன வேலையை விடியற்காலையில் வைத்தார்கள். அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் சோறு பொங்காமல் வந்த எரிச்சல் எல்லாம் சண்முகத்தாய் மேல் திரும்பியது. என் மேலும்தான்.

“வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தாளா? ரூமுக்குள்ளயே சொல்லாத வார்த்தைய ஆபீசுல போய் மூணு தடவ சொல்லியிருக்கா,” என்று பேச்சி என் காதுபடச் சொன்னாள். தலைமுடி கருகிய அதே பேச்சிதான். “அக்காவுக்கென்ன, ஃபேனுக்குக் கீழ உக்காந்து அடுத்தவள உசுப்பிவிடுதா.”

சண்முகத்தாயோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவள் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகக் குழாயடிப் பக்கம் போவாள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து எனக்குத் தெரியும். நானும் போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவளுக்கு இன்னும் கெட்ட பெயர்.

அடுத்த வாரம் ஒரு மதியம். பூட்டிய இரண்டாம் அறைக்குள் உலர்வதற்காகக் கட்டைகள் அடுக்கி நின்றன. ஒரு அடுக்கு சரிந்ததோ, எலி ஓடியதோ, தெரியாது. முதலில் சீறுகிற சத்தம். பிறகு கூரை ஷீட்டுகள் பட்பட்டென்று வெடித்தன. வெளியே வந்து பார்த்தபோது அறைக்கு மேலே வெள்ளைப் புகை நிமிர்ந்து நின்றது. முதல் அறை, மூன்றாம் அறைப் பெண்கள் எல்லாம் ரோட்டுக்கு ஓடி வந்துவிட்டார்கள். மேனேஜர் ஆட்களை எண்ணினார். திரும்பத் திரும்ப எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். உள்ளே யாரும் இல்லை.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்துவிட்டுப் போனது. பின்சுவர் மட்டும் கருப்பாக நின்றது. அந்த நேரத்தில் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கட்டை பிரித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டியவர்கள் ரோட்டோரம் நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் தெரியுமா?

“இவ வாய்முகூர்த்தம். அன்னைக்குச் சொன்னா, இன்னைக்கு நடந்துட்டு.”

எனக்குச் செருப்பைக் கழற்றலாம் போல இருந்தது. சண்முகத்தாய் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுங்கக்கா. ஏச வாய் இருக்குல்லா, ஏசட்டும்.”

இதில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இப்போது சீட்டு கிடையாது, சென்சாரே எண்ணை ஏற்றிவிடும் என்று செல்வின் சொன்னான். சந்தோஷம். சென்சார் கருகினால் அது என்ன ஏற்றும்? காலியாகத்தான் விடும். காலிக் கட்டத்தைக் கண்டால் நிரப்பாதீர்கள், தாண்டியும் போகாதீர்கள். எழுந்து போய்க் கேளுங்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள். திட்டிக் கேளுங்கள். அதற்குப் பிறகு உங்களை யாருக்கும் பிடிக்காமல் போகும். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் முடிந்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஷீட் அனுப்ப வேண்டும். அறை எரிந்த நாளில் மூன்று கட்டத்திலும் நான் ‘பற்றியது’ என்று அடித்தேன். முந்தைய காலிக் கட்டங்களிலும் அதையே அடித்தேன். செல்வின் பக்கத்தில் ஒரு புது வரிசை போட்டு, எத்தனை நாள் பற்றியது என்று எண்ணி வைத்தான். ஆனால் அவர்கள் கொடுத்த படிவத்தில் அந்த வரிசைக்கு இடம் இல்லை. சராசரிக்கு மட்டும்தான் இடம். அந்தக் கணக்கு எண்ணை மட்டும் பார்க்கும். எழுத்தைத் தொடாது. ‘பற்றியது’ என்கிற நாட்களை அது மறுபடியும் விட்டுவிட்டது. எரிந்த பிறகு அந்த அறையில் அளப்பதற்கு மீட்டரும் இல்லை. மிச்ச நாட்களைக் கூட்டி வகுத்து, முப்பத்தெட்டு என்று சொன்னது.

தீ பற்றியதைச் சொல்லி மேனேஜர் தனியாக ஒரு மெயில் போட்டிருந்தார். அது அங்கே வேறு யாருடைய மேசைக்கோ போயிருக்கிறது. ஷீட்டைப் பார்த்தவர்கள் ஷீட்டுக்குப் பதில் போட்டார்கள். செல்வின் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னான்.

“மூணு ரூமுலயும் மதியச் சராசரி வரம்புக்குள்ள இருக்காம்க்கா. இதே மாதிரி தொடரணுமாம். நன்றின்னு போட்டிருக்கான்.”

ஜன்னல் வழியாக இரண்டாம் அறை தெரிந்தது. கூரை இல்லை. உள்ளே வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது.